எடுத்து வைத்த சீட்டுகள்

வரிசையில் நிற்பது குற்றம் என்று சட்டம் வந்த அன்றைக்கு மரியபுஷ்பமும் ஒரு சரம் வெடி வாங்கிக் கொளுத்தியவள்தான். ஊரே கொளுத்தியது. ஏன் கொளுத்தாது? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வரிசை, வீட்டு மனைக்கு வரிசை, காலேஜ் இடத்துக்கு வரிசை. விடியக்காலம் போய் நின்று கால் கடுத்துக் கிடந்தால், பதினோரு மணிக்கு எவனோ ஒருவன் சிபாரிசுக் கடிதத்தோடு பின்வாசல் வழியாக உள்ளே போய்விடுவான். இனி அந்தக் கதையே கிடையாது, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வாய்ப்பு என்று தேசியக் குலுக்கல் ஆணையம் அறிவித்தபோது, தூத்துக்குடி சிலுவையார் தெருவில் ஜனங்கள் டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அரசாங்கம் கொடுக்க வேண்டிய எதுவானாலும் இனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக் குலுக்கலில்தான். சீட்டு எடு, விழுந்தால் உனக்கு. சீட்டு விற்ற காசில் பெரிய ஆஸ்பத்திரி கட்டினார்கள், வாசலில் 'குலுக்கல் நிதியில் கட்டப்பட்டது' என்று பளிங்கில் பொறித்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குள் போகவும் சீட்டு விழ வேண்டும். ஜனங்கள் காசில் கட்டிய வாசலில் ஜனங்களே அதிர்ஷ்டத்துக்குக் காத்துக் கிடப்பதில் உள்ள அயோக்கியத்தனம், வெடிப் புகையில் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அதெல்லாம் பதினெட்டு வருஷத்துக்கு முந்தின கதை. புஷ்பத்துக்கு இப்போது நாற்பத்தாறு வயது. சிலுவையார் தெரு முனையில் பன்னிரண்டு வருஷமாக அவளுடைய சீட்டுக்கடை இருக்கிறது. புருஷன் இஞ்ஞாசி மூன்று வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனான். மகள் ஜெசிந்தாவுக்குப் பத்தொன்பது வயது, அதே வியாதி. அந்தத் தெருத் தண்ணீரில் என்ன கலந்ததோ, கலந்தவனுக்குத்தான் வெளிச்சம். பதினோரு பேர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மருந்தே இல்லையா என்றால், அதுதான் வயிற்றெரிச்சல், இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வளர்ப்புத் தொட்டிகள் இருந்தன. நோயாளியின் உடம்பிலிருந்தே நகக்கண் அளவு தசை எடுத்துத் தொட்டியில் விட்டால் நாற்பது நாளில் புதுச் சிறுநீரகம் வளர்ந்துவிடும். ஆனால் தொட்டிச் சீட்டு விழ வேண்டும். ஜெசிந்தாவின் உடம்பு கிறிஸ்மஸ் தாண்டி டயாலிசிஸைத் தாங்காது என்று டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

புஷ்பத்தின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சீட்டும் ஓர் ஆளின் அட்டை எண்ணில்தான் அச்சாகும். எண் தெரிந்தால் யாருக்காகவும் யாரும் எடுக்கலாம். தெருவின் அத்தனை பேர் எண்ணும் புஷ்பத்துக்கு மனப்பாடம். வியாழக்கிழமை ஆனதும் வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் சீட்டைத் தட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிடுவாள். ஆள் வந்தால் கொடுப்பாள். வராவிட்டாலும் சீட்டு அவர் பேரில்தான் இருக்கும். மறந்துபோனவர், ஊருக்குப் போனவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், எல்லாருக்கும் எடுத்து வைப்பாள். "நாளைக்கு அவியளுக்கு விழுந்து, நான் எடுக்கலைன்னா என் மனசு ஆறுமா?" என்பாள். அந்த டப்பாவைப் பற்றித் தெருவே பெருமையாகப் பேசும்.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள் மத்தியானம் கடை மிஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. பழுது பார்க்க ஆணையத்திலிருந்து ஹபீப் வந்தான். மதுரைக்காரன், முப்பது வயது, எப்போதும் சிரித்த முகம். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன தம்பி, உம்முன்னு இருக்க?"

"வேலைய விட்டுட்டேன்க்கா. உங்க மிஷின்தான் கடைசி. அடுத்த வாரம் மஸ்கட்."

"போ போ, நல்லா இரு. போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போ. அந்தக் குலுக்குற மிஷினுக்கு எங்க தெரு மேல அப்படி என்ன கோவம்? ரெண்டு தெரு தள்ளி, சவுக்குத்தோப்புக் காலனில மூணு தொட்டி விழுந்துட்டு. இங்க ஏழு வருசமா ஒரு பொட்டு கெடையாது."

ஹபீப் திருப்புளியைக் கீழே வைத்தான். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அக்கா, அது குலுக்குறதே இல்ல."

"பின்ன?"

"கவனிக்கும். எந்தத் தெருவுல சீட்டு எடுக்குறது குறையுதுன்னு வாரா வாரம் கவனிக்கும். நம்பிக்கை போச்சுன்னா ஜனங்க எடுக்க மாட்டாங்கல்ல? சுத்தமா விடப்போற நேரம் பாத்து அங்க ஒண்ணைப் போடும். ஒருத்தனுக்கு விழுந்தா, பாத்துக்கிட்டு இருக்குற நூறு பேரு இன்னும் அஞ்சு வருசம் எடுப்பான்."

"அப்ப எங்க தெரு?"

"உங்க தெரு மாதிரி தங்கமான தெரு இந்த மாவட்டத்துலயே இல்லக்கா. வாரம் அறுபத்திரண்டு சீட்டு, ஏழு வருசமா ஒண்ணு குறைஞ்சதில்ல. எப்படியும் எடுக்குறவங்களுக்கு அது எதுக்குப் போடணும்?"

புஷ்பத்துக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு அவள் கண் தானாக பிஸ்கட் டப்பா மேல் போய் நின்றது. ஏழு வருஷம் ஒன்று குறையவில்லையாம். எப்படிக் குறையாமல் இருந்தது? மூன்று வருஷத்துக்கு முன்னால் தெருவில் பாதிப்பேர் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்களே! முதலில் விட்டவன் அவள் புருஷன்தான். "புஷ்பம், இனிமே எனக்கு எடுக்காத. மண்ணாப் போவட்டும் இவனுவ குலுக்கல்" என்று சொன்னவன் அவன். அவளோ அவனுக்குத் தெரியாமல் வாரம் தவறாமல் எடுத்து வைத்தாள். அவனுக்கு மட்டுமா, விட்ட அத்தனை பேருக்கும் எடுத்து வைத்தாள். என்றைக்காவது மனசு மாறி வந்து கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாதல்லவா!

"தம்பி." அவள் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அன்னைக்கு நான் எடுத்து வைக்காம இருந்துருந்தா?"

ஹபீப் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"சொல்லுல! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"விழுந்துருக்கும்க்கா. ஒன்றரை மாசத்துல இந்தத் தெருவுல விழுந்துருக்கும்."

புஷ்பம் டப்பாவை எடுத்து நடுரோட்டில் வீசினாள். மூடி ஒரு பக்கம் உருண்டது, சீட்டுகள் ஒரு பக்கம் பறந்தன. பாவி மிஷினே, புருஷனைத் தின்றாயே, அதுவும் என் கையாலேயே ஊட்ட வைத்துத் தின்றாயே என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அவள் எதையும் ஒளிக்கவில்லை. கூடியவர்கள் முகத்துக்கு நேராக எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் யாரும் நம்பவில்லை. நம்பியதும் திட்டினார்கள். அதில் மிக்கேல் போட்ட சத்தம்தான் பெரிசு. ஹார்பரில் லோடு இறக்கிக்கொண்டிருந்த மனிதர், ஐம்பத்திரண்டு வயதில் டயாலிசிஸால் எலும்பும் தோலுமாகிவிட்டார், வாய் மட்டும் இளைக்கவில்லை.

"அப்ப எங்க உசுரையெல்லாம் டப்பாக்குள்ள போட்டு மூடியிருக்க! இஞ்ஞாசி செத்த அன்னைக்கே சொன்னேன், இவ சாவுச் சீட்டு விக்கான்னு சொன்னேன்."

"ஆமா அண்ணாச்சி, சொன்னீங்க. என் தாலிய நான்தான் அறுத்தேன். திட்டி முடிச்சாச்சுன்னா அடுத்து என்ன செய்யணும்னு கேளுங்க."

"சரி, சொல்லு" என்றார் மிக்கேல்.

அவள் சொன்னது இதுதான். நாளையிலிருந்து தெருவில் ஒருத்தரும் ஒரு சீட்டும் எடுக்கக் கூடாது. வேறு கடையில் போய் எடுத்தாலும் அட்டை எண்ணை வைத்து இன்ன தெரு என்று மிஷினுக்குத் தெரிந்துவிடும். ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், தெரு கை நழுவுகிறது என்று அது பயந்து ஒன்றைப் போட வரும். போடுவதற்கு ஒரு சீட்டாவது வேண்டுமே, அதனால் ஆறாவது வாரம் ஒரே ஒரு சீட்டு எடுப்போம்.

"யாரு பேருல?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

பதினெட்டு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்டதில்லை. மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டிருந்தார்கள். டயாலிசிஸ் நர்சைக் கூட்டிவந்தார்கள். யார் ரத்தத்தில் உப்பு, அதாவது கிரியாட்டினின், அதிகமோ அவர் முன்னால் என்று நர்ஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். முதல் பேர் மிக்கேல். இரண்டாவது ஜெசிந்தா.

ஐந்து வாரம் கடையில் ஈ ஓட்டினாள் புஷ்பம். ஆணையத்திலிருந்து போன் மேல் போன். தெரு முனையில் புதிதாக விளம்பரத் திரை வைத்தார்கள், ஒரு சினிமாக்காரி சிரித்துக்கொண்டே 'நம்புங்கள்' என்றாள். அந்த மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் புஷ்பத்துக்குச் செருப்பைக் கழற்றலாம் போல வரும்.

ஆறாவது வெள்ளி, மூன்றரை மணி. மிஷின் முன்னால் உட்கார்ந்த புஷ்பத்துக்கு விரல் அசையவில்லை. இரண்டு எண்ணும் அவளுக்குத் தெரியும். எந்த எண்ணைத் தட்டினாலும் கேட்க ஆளில்லை. பெற்ற பிள்ளை பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆளோ புருஷன் சவத்துக்கு முன்னால் நாக்கில் நரம்பில்லாமல் பேசியவன்.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அப்பனுடைய வாய்.

"என்னம்மா, கணக்குப் பரீச்சையா எழுதுத? அவரு நம்பரைத் தட்டு. இல்லைன்னா நாளைக்கு என் புதுக் கிட்னிய அவரு தெருவுல வச்சு நாறடிச்சுருவாரு."

புஷ்பம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிக்கேலின் எண்ணைத் தட்டினாள்.

விழுந்தது. பேருந்து நிலையத் திரையில் மிக்கேலின் எண் வந்ததும் தெருவே அலறியது. ஆணையத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். இந்த அதிர்ஷ்டத்துக்கு யார் காரணம் என்று மைக்கை நீட்டியபோது மிக்கேல், "எங்க தெருப் புஷ்பம்" என்று சொல்லிவிட்டு அழுதார். மறுநாள் வந்த வீடியோவில் அதை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

அடுத்தது ஜெசிந்தா. மறுபடி ஐந்து வாரம் பொறுத்தால் அக்டோபர் கடைசி. நாற்பது நாள் தொட்டி. கிறிஸ்மசுக்குள் முடிந்துவிடும்.

நடுவில் ஒரு நாள் மிக்கேலின் மனைவி சந்தனம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். முகமே சரியில்லை.

"ஏ புஷ்பம், ஒண்ணு சொல்லுதேன், கத்தாத. அங்க ஆறு தொட்டில ரெண்டு காலியாக் கெடக்கு. பச்சைத் துணி போட்டு மூடி வச்சிருக்காவ. அங்க உள்ள நர்சம்மாட்ட கேட்டேன். சீட்டு விழலை, அதான் காலிங்கா."

"காலியாவா? எம்மவ இங்க மூச்சு வாங்கிட்டுக் கெடக்கா, அங்க தொட்டிக்குத் துணி போத்தி வச்சிருக்கானுவளா?"

"எல்லாத்தையும் நெரப்பிட்டா பெறவு எவன் சீட்டு எடுப்பான்னு ஆம்புலன்ஸ் டிரைவர்மாரு பேசிக்கிடுதாவ."

அன்றைக்கே கிளம்பிப் போய் அந்த வாசலை உடைத்திருப்பாள் புஷ்பம். ஜெசிந்தாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்னும் மூன்றே வாரம், அதற்குள் கலாட்டா வேண்டாம் என்று புஷ்பம் பல்லைக் கடித்தாள்.

அக்டோபர் கடைசி வெள்ளி வந்தது. ஜெசிந்தாவின் எண்ணில் ஒரே ஒரு சீட்டு. நாலு மணிக்குத் திரையில் எண் ஓடி நின்றது. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு. அடுத்த வெள்ளியும் விழவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் விழவில்லை. ஜெசிந்தாவால் இப்போது படுக்கையிலிருந்து நாற்காலிக்கு வருவதே பெரும்பாடாக இருந்தது. எட்டு வாரமாக ஜெசிந்தாவின் அந்த ஒரு சீட்டைத் தவிரத் தெரு எதுவும் எடுக்கவில்லை, பின்னே மிஷினுக்கு என்ன வந்தது என்று புஷ்பத்துக்கு மண்டை காய்ந்தது.

மூன்றாவது வெள்ளி ஐந்து மணிக்குச் சந்தனம் கடை வாசலில் வந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சீட்டை எடுத்து வைத்தாள்.

"தப்பா நெனைக்காத புஷ்பம். மனசு கேக்கல. எங்க வீட்டுக்காரருக்குக் கெடைச்சது பிள்ளைக்குக் கெடைக்கணுமேன்னு பஸ் ஸ்டாண்டு கடையில வாரத்துக்கு ஒண்ணு எடுத்தேன். ஒண்ணே ஒண்ணுதான். நான் ஒருத்தி எடுத்தா அதுக்கு என்ன தெரியப் போவுதுன்னு..."

புஷ்பம் சீட்டைப் பார்த்தாள். ஜெசிந்தாவின் எண்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே உப்பளத்து மாணிக்கம் வந்தான். அவன் ஹார்பர் கேட் கடையில் எடுத்திருந்தான். டீக்கடைக்காரர் வந்தார். நர்ஸ் தாளில் மூன்றாவது பேராக இருந்த பவுலினா, தனக்கு எடுக்காமல், ஜெசிந்தாவுக்கு எடுத்திருந்தாள். கோயில்பிள்ளை மார்க்கெட்டுக் கடையில் எடுத்திருந்தார். ஒவ்வொருத்தரும் அடுத்தவருக்குத் தெரியாமல், ஒன்றே ஒன்றுதானே என்று, ஒரே பிள்ளையின் எண்ணில் எடுத்திருந்தார்கள். மிக்கேல்கூடத் தொட்டி வார்டில் படுத்துக்கொண்டு வார்டுபாயை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். மேஜை மேல் அந்த வாரத்துச் சீட்டு மட்டும் எழுபத்தொன்று சேர்ந்தது.

தெரு சீட்டை விட்டுவிட்டது என்று புஷ்பம் நினைத்துக்கொண்டிருந்தாள். மிஷினுக்குத் தெரிந்ததோ வேறு. முன்னெப்போதையும்விட நம்பிக்கை பொங்கி வழிகிற தெரு, அதுவும் ஒரே பிள்ளையின் பேரில். அப்படிப்பட்ட தெருவுக்கு அது எதற்குப் போடும்?

"அறிவு கெட்ட முண்டங்களா!" என்று புஷ்பம் எழுந்தாள். "எடுக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சேனே! எம் பிள்ளையக் கொன்னுட்டீங்களே!"

சந்தனம் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். புஷ்பம் இன்னும் நாலு வார்த்தை திட்ட வாயெடுத்தாள், வரவில்லை. அவர்கள் செய்தது என்ன? ஆள் கேட்காமலே ஆளுக்காக எடுத்து வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் தெருவுக்கு அதைச் செய்து காட்டியவள் யார்? யார் மேல் அவள் கோபப்படுவது?

கோபம் அடங்கவில்லை, திரும்பியது. ஒரு மனிதன் இன்னொரு மனிதன் மேல் வைக்கிற பிரியத்தைத் தீனியாகப் போட்டு ஒரு மிஷினை வளர்த்தவன் எவனோ, பச்சைத் துணி போர்த்தியவன் எவனோ, அவனிடம் திரும்பியது.

"அழுதது போதும்" என்றாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு எல்லாரும் இங்க வாங்க. நர்சம்மா தந்த தாளு எங்க?"

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அது நடந்தது. பதினெட்டு வருஷமாக அந்த ஊர் பார்க்காத ஒன்று. பளிங்குப் பலகைக்கு எதிரே, பூட்டிய கேட்டுக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெசிந்தா. அவளுக்குப் பின்னால் பவுலினா. அவளுக்குப் பின்னால் தாளில் எழுதியிருந்தபடி ஒவ்வொருத்தராக. நோயில்லாதவர்கள் அவர்களுக்குப் பின்னால் தெருமுக்கு வரைக்கும். ஒருத்தர் கையிலும் சீட்டு இல்லை. ரோட்டில் போன ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான்.

காவலாளி லத்தியோடு ஓடிவந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, சட்டையில் சுடலைமாடன் என்று பேர்.

"ஏ என்ன இது? என்ன நிக்கிய எல்லாரும்?"

"வரிசை" என்றாள் புஷ்பம்.

"அஞ்சு பேருக்கு மேல ஒருத்தர் பின்னால ஒருத்தர் நின்னா கேஸு தெரியுமில்லா? போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடும். உள்ள ரெண்டு தொட்டி காலியாக் கெடக்குன்னு சொல்லிக் கூப்புடும். வாரவன் வீட்டுல யாருக்கும் உப்பு ஏறியிருந்தா அவனையும் பேரு குடுக்கச் சொல்லும்."

சுடலைமாடன் லத்தியை ஓங்கவில்லை. போனை எடுத்தார், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வரிசையை முன்னிருந்து பின்வரைக்கும் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்கிற மாதிரித் தணிந்த குரலில் கேட்டார்.

"கடைசி ஆளு யாரு?"

புஷ்பத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "எதுக்குக் கேக்கீரு? வாலைப் பிடிச்சு இழுக்கலாம்னா?"

"இல்லம்மா." அவர் தொப்பியைக் கழற்றினார். "எம் பொண்டாட்டி. ரெண்டு வருசமா டயாலிசிஸ் ஓடுது. ஒரு வாரம்கூட விடாம சீட்டு எடுக்கேன். இந்தக் கேட்டுலதான் நிக்கேன், எனக்கே உள்ள வழி கெடையாது. கடைசில போயி நிக்கேன், பேரை எழுதிக்கிடுங்க."

புஷ்பம் தாளைப் பிரித்தாள்.

"உப்பு எவ்வளவு?"

"பதிமூணு. நேத்துப் பார்த்தது."

ஜெசிந்தாவுக்குப் பன்னிரண்டு. தாளில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. அந்த ஆள் கடைசியில்தானே நிற்கிறேன் என்கிறார், அவரே கேட்காததை நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று புஷ்பம் ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. தாளின் தலைப்பில், மகள் பேருக்கு மேலே இருந்த இடுக்கில், பேனாவை வைத்தாள்.

"பொண்டாட்டி பேரு என்ன?"

"வேலம்மா."

எழுதுவதற்குள் சிமெண்டில் நாற்காலிக் கால் கிரீச்சிட்டது. ஜெசிந்தா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து, மூச்சு வாங்க, தன்னை ஓரடி பின்னால் தள்ளிக்கொண்டாள். பவுலினா ஓரடி நகர்ந்தாள். வரிசை முழுவதும் ஒருவர் பின் ஒருவராக ஓரடி பின்னால் போயிற்று.

"கடைசி இல்ல மாமா" என்றாள் ஜெசிந்தா. "இங்க வந்து நில்லுங்க."

சுடலைமாடன் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் காவல் காக்கிற கேட்டைப் பார்த்தபடி முதல் ஆளாக வந்து நின்றார்.